மலையகத்துப் பிள்ளைக்குக் கடற்கன்னி எதுக்கு?

கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யார் நடத்தினது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நின்ற நேரம் ஒரு மூத்தவர் கிட்ட வந்தார். "தங்கச்சி, நானுஓயாப் பக்கம் பிள்ளைகளுக்குப் புத்தகம் குடுக்கிறீங்களாமே, என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் சொன்னேன். எங்க லயத்துல ஒன்பதாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ஒன்று இப்ப கடற்கன்னிக் கதை வாசிக்குது சேர், ரெண்டு தரம் வாசிச்சிட்டுது என்றேன்.

அவர் முகம் மாறிப்போச்சு. "மலையகத்துப் பிள்ளைக்குக் கடற்கன்னி எதுக்கு? நம்ம சனம் பட்ட பாட்டை வாசிக்கக் குடுங்க. சி.வி. இருக்கிறார், தெளிவத்தை இருக்கிறார். கடல் என்ன நமக்குச் சொந்தமா?" பக்கத்துல நின்ற ரெண்டு பேர் தலையாட்டினாங்க. நான் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை வைச்சிட்டு வந்திட்டேன். அன்றைக்கு வாயடைச்சு நின்றதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல்ல ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சி.வி. வேலுப்பிள்ளையையும் தெளிவத்தை ஜோசப்பையும் நானும் வாசித்தவள்தான். என் பெட்டியில அவங்க புத்தகமும் இருக்கு, யார் கேட்டாலும் குடுக்கிறேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை வாசித்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. அவங்களை வாசிக்கச் சொல்வதில் எனக்கு வழக்கே கிடையாது. அவங்களை மட்டும் வாசி என்கிறதுலதான் வழக்கு. கதவைத் திறந்தால் தேயிலை, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் தேயிலை, ராத்திரி அம்மா வந்து பேசுறது கொழுந்துக் கணக்கு. அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறந்தாலும் அதே பெரட்டுக்களம்தான் இருக்கணும் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம்? இதே ஆட்கள் கொழும்புல வளர்கிற தங்கட பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கிக் குடுத்தாங்க என்று கேட்டுப் பாருங்க. ஹாரி பொட்டர் வாசிச்ச பிள்ளை டொக்டராகலாம். நம்ம பிள்ளை மந்திரக்கோலைத் தொட்டால் மட்டும் போராட்டம் கெட்டுப்போகுமாம்.

அந்த வாதம் எனக்குத் தெரியாததில்ல. கூரை ஒழுகுது, சம்பளம் ஏறல, காணி உரிமை இல்ல, இந்த நிலைமையில பிள்ளையைக் கற்பனையில மிதக்க விட்டா யார் போராடுறது என்பாங்க. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேணும் என்று 2015இல் கேட்கத் தொடங்கினோம். அது வர்த்தமானியில வந்தது 2021இல். அந்த ஆறு வருஷ இழுபறிக்கு எந்தக் கடற்கன்னியும் காரணமில்ல.

சரி, "கடல் நமக்குச் சொந்தமா" என்ற கேள்விக்கு வருவோம். என்னைச் சுட்டது அதுதான்.

நாம இங்க எப்படி வந்தோம்? 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தோம். மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தோம். வழியில காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் செத்தவங்களுக்குக் கணக்கு இல்ல. 2023இல், 200 வருஷ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரைக்கும் சனம் மறுபடி நடந்தாங்களே, அது அந்தப் பாதைதான். 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் ஆட்களோடு மூழ்கியதை மலையக வரலாறு எழுதுகிறவங்க சொல்றாங்க. எங்க பள்ளிக்கூடத்துல யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்ல.

பிறகு திரும்பிப் போனதும் கடல் வழியாகத்தான். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடில்லாதவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரிச்சுது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுது. கோச்சியில தலைமன்னார், அங்கேயிருந்து கப்பலில் ராமேஸ்வரம். எங்க அப்பாயி இன்றைக்கும் அதை 'அழுகைக் கோச்சி' என்றுதான் சொல்வா. அவவோட தங்கச்சி நானுஓயா ஸ்டேஷன்ல ஏறினவ, பிறகு பார்க்கவே இல்ல. 1885இல் தேயிலையையும் துரைமாரையும் ஏற்றி இறக்கப் போட்ட பாதை அது. எண்பது வருஷம் கழிச்சு அதே பிளாட்பாரத்துல சனம் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கு.

வந்தப்பவும் கடல், போனப்பவும் கடல். இருந்தும் நான் வாசித்த நம்ம கதைகளில் கடல் ரெண்டு வரிக்குள்ள முடிஞ்சுபோகுது. தோணியில ஏறினாங்க, இறங்கினாங்க, அடுத்த பக்கத்துல தேயிலை வந்துவிடும். நடுவில என்ன நடந்தது? தண்ணியை முதல் தடவை பார்த்த ஒரு பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரிஞ்சது? மூழ்கினவங்க எங்க? ஆவணத்துல இதுக்குப் பதில் இல்ல. ஆவணம் எழுதினவனுக்கு நாம தலைக்கணக்கு மட்டும்தான். ஆவணம் கைவிட்ட இடத்துல கற்பனைதான் வேலை செய்யணும். யதார்த்தவாதம் மட்டும்தான் இலக்கியம் என்று சொல்றவங்க அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுட்டாங்க.

வேற ஒரு சனம் அப்படி விடல. ரிவர்ஸ் சாலமன் எழுதிய 'தி டீப்' என்று ஒரு சின்ன நாவல், 2019இல் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களிலிருந்து கர்ப்பிணிப் பெண்களைக் கடலில் எறிந்தாங்க. அந்தப் பெண்களின் வயிற்றுப் பிள்ளைகள் தண்ணிக்குள்ளேயே பிறந்து, மூச்சு விடப் பழகி, ஒரு கடற்கன்னி இனமாகிவிட்டாங்க என்பதுதான் கதை. அந்த இனத்துக்குப் பழசு எதுவும் நினைவில்ல. நினைவு முழுக்க யேட்டு என்ற ஒரே ஒருத்தியிடம் இருக்கு. எல்லாருக்குமாகச் சேர்த்து அவ ஒருத்தி வலியைச் சுமக்கிறா, வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் அதை மற்றவங்களோடு பகிர்ந்துகொள்றா. வாசிச்சு முடிச்சதும் எனக்கு அப்பாயிதான் ஞாபகம் வந்தா. எங்க லயத்துல போன சனத்தின் பெயர் முழுக்க அவ தலையில மட்டும்தான் இருக்கு. அடிமைக் கப்பலையும் கங்காணி கூட்டிவந்த தோணியையும் நான் ஒன்றாக்கவில்லை, ரெண்டும் வேற வேற வரலாறு. அதை எழுத அவங்க கண்டுபிடிச்ச வழியைத்தான் சொல்கிறேன். தங்கட சனத்தின் சாவைச் சொல்ல அவங்களுக்குக் கடற்கன்னி தேவைப்பட்டா.

இன்னொரு விஷயம். நாம தாண்டி வந்த அந்தக் கடல் சாதாரணக் கடல் இல்ல, கடற்கன்னிகளின் கடல். சிரிக்காதீங்க. 1861இல் எமர்சன் டெனன்ட் இலங்கையின் விலங்குகளைப் பற்றி எழுதிய புத்தகத்துல ஒரு பழைய சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார். 1560இல் மன்னார்ப் பக்கம் மீன்பிடிச்சவங்களின் வலையில ஒரே இழுப்பில ஏழு கடல் மனிதர்கள், ஆணும் பெண்ணுமாக, அகப்பட்டதாக இயேசுசபைப் பாதிரிமார் பதிஞ்சு வைச்சிருக்காங்க. கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்தே பார்த்தாராம். அது கடற்பசுவாகத்தான் இருக்கணும். ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்ற அதே உயிர், குட்டிக்குப் பால் கொடுக்கிறது, கடற்புல் தின்கிறது. வேட்டையாடியே பெரும்பாலும் தீர்த்துவிட்டோம். 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில 448 சதுர கிலோமீட்டரை அதுக்குப் பாதுகாப்பிடமாக அறிவித்தது. நம்ம முப்பாட்டிமார் கடந்த தண்ணிக்குள்ள அப்ப அதுகள் மேய்ந்திருக்கும்.

அதோடு ஒரு கதையும் அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கு, நம்மூரில யாருக்கும் தெரியாது. தாய்லாந்து ராமாயணமான ராமகியெனில் இராவணனுக்கு ஒரு கடற்கன்னி மகள் இருக்கிறா, பெயர் சுவண்ணமச்சா, பொன்மீன் என்று அர்த்தம். இலங்கைக்குப் பாலம் கட்டக் குரங்குகள் கல்லைப் போடப் போட, அவ தன் மீன்கூட்டத்தோடு வந்து கல்லை எடுத்துக்கொண்டு போயிடுவா. அனுமார் பிடிக்க இறங்குறார், ரெண்டு பேருக்கும் காதல், மச்சானு என்று ஒரு பிள்ளையும் பிறக்குது. நம்ம பிரம்மச்சாரி அனுமார்தான்! கம்பரிடம் இந்தக் கதை இல்ல. எங்க ஊருக்குக் கிட்ட சீதா எலியவுக்கு எத்தனையோ டூரிஸ்ட் பஸ் வருது, இராவணன் பெயரில எத்தனை போர்ட். இலங்கை அரசனின் மகள் ஒருத்தி தகப்பன் நாட்டைக் காப்பாற்ற மன்னார்க் கடலில ராத்திரி ராத்திரியாகக் கல் பொறுக்கினா என்று பாங்கொக்கில சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சீதா எலியவில தெரியாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, தமிழுக்கு ஒட்டாது என்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மணிமேகலை என்ற பெயரே ஒரு கடல் தெய்வத்தின் பெயர். கப்பல் உடைஞ்சு தத்தளிச்ச கோவலனின் முன்னோரைக் காப்பாற்றிய தெய்வம் அது. பிறகு அதே தெய்வம் பூம்புகாரில தூங்கின பெண்பிள்ளையை ராத்திரியோடு தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில விட்டுது. அந்தத் தீவு நயினாதீவுதான் என்று பலபேர் சொல்றாங்க. இதை இன்றைக்கு இங்கிலீஷில எழுதினால் ஃபேன்டசி என்று அட்டையில போட்டு விற்பாங்க. மட்டக்களப்புக்குப் போனால் ஊர் முழுக்க மீன்மகள்தான். பௌர்ணமி ராத்திரியில கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணியில விட்டுக் காதை வைச்சால் மீன் பாடுறது கேட்கும் என்பாங்க. அந்த வாவியின் இசையைப் பாடுகிற நீரரமகளிரை விபுலாநந்த அடிகள் பாட்டிலேயே கொண்டுவந்தார். 1947இல் வெளிவந்த அவருடைய 'யாழ்நூல்' கணக்கும் சுரமும் நிறைந்த கனமான ஆராய்ச்சி நூல், அதன் தொடக்கத்திலேயே அந்த நீரரமகளிர் இருக்கிறாங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருக்கு அவங்களைப் பாடக் கூச்சமில்ல. நமக்குத்தான் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை வாசிச்சால் கூச்சம். பழந்தமிழில மலைக்கும் ஒருத்தி இருக்கிறா, வரையரமகளிர் என்று. இன்றைக்கு அந்தச் சொல்லைத் தெரிஞ்சு வைச்சிருக்கிற மலையகத்துப் பிள்ளை எத்தனை?

இப்ப அந்தப் பிள்ளை வாசிச்ச கதைக்கு வருகிறேன். டிஸ்னி படம் இல்ல, ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1837இல் எழுதினது. நல்ல தமிழில கைக்குக் கிடைக்காததால நானே இங்கிலீஷிலிருந்து பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதிக் கொடுத்தேன். எங்க ஊர்த் தமிழில, இலக்கணம் பார்க்காமல்.

கதை உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீங்க. தெரியாது. படத்துல கல்யாணத்தோடு முடியுது. அண்டர்சனில அவ காலுக்காகக் குரலைக் குடுக்கிறா, கடல் சூனியக்காரி நாக்கையே அறுத்து எடுக்கிறா. கிடைச்ச காலால எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் கத்தியில மிதிக்கிற மாதிரி வலிக்கும். இளவரசன் வேற பெண்ணைக் கட்டிக்கொள்றான். அவளுக்குக் காதல் மட்டுமில்ல பிரச்சினை. மனுஷருக்கு அழியாத ஆத்மா உண்டு, கடற்கன்னிக்கு இல்ல. முந்நூறு வருஷம் வாழ்ந்து நுரையாகிப் போகணும். ஒரு மனுஷன் மனசு வைச்சு ஏத்துக்கொண்டால்தான் ஆத்மா கிடைக்கும். நான் எழுதிக்கொண்டு போகும்போது இந்த இடத்துல பேனாவை வைச்சிட்டேன். நீ இங்கேயே இருக்கிறாய், வேலை செய்கிறாய், ஆனால் நீ யார் என்கிறதை இன்னொருத்தன்தான் முடிவு பண்ணுவான். இது 1948 இல்லாமல் வேற என்ன? கடைசியில அவ காற்றின் மகளாகிறா, முந்நூறு வருஷம் நல்லது செய்தால் ஆத்மா தரலாம் என்று சொல்றாங்க. விண்ணப்பம் போட்டுட்டுக் காத்திரு என்கிற மாதிரி. நமக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான். 1948இல் போனது, மிச்சமிருந்தவங்களுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது 2003இல்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் இது எதையும் சொல்லல. சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன், வாசிக்கிறவங்க தலையில விளக்கத்தைக் கொட்டுறதுதானே நம்ம வியாதி. கொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தப்ப அவ ஒன்று மட்டும் சொன்னா. அவ அம்மா மூணு வருஷமாகச் சவூதியில ஒரு வீட்டில வேலை. "அக்கா, எங்க அம்மாவுக்கும் அங்க பேச்சு இல்ல. பாஷை தெரியாது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் குடுப்பாங்க, அப்பவும் காலு வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும்." பிறகு கொப்பியை இன்னொரு கிழமைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிட்டா. நம்ம சனம் பட்ட பாட்டை வாசிக்கக் குடுங்க என்றாரே அந்தப் பெரியவர், அவ வேற எதை வாசிச்சாளாம்?

கடலை அந்தப் பிள்ளை நேரில பார்த்ததில்ல. கொழும்புக்குக் கோச்சியில ஆறேழு மணித்தியாலம், கூட்டிப்போக ஆளில்ல. ஆனால் 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்று கட்டுரை எழுதச் சொன்னால் எழுதுவா, டியூசன்ல பாடமாக்கினது. அலை, நுரை, பொன்னிற மணல், ஐஸ்கிரீம். பரீட்சைக்கு அந்தப் பொய்க்கடல் பரவாயில்லையாம், கதையில வருகிற கடல்தான் ஆகாதாம். இத்தனைக்கும் எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுகிற ஓயாவே கொத்மலை ஓயாவில சேர்ந்து, மகாவலியாகி, திருகோணமலையில கடலுக்குத்தான் போய் விழுது.

பெரியவங்களை மட்டும் திட்டினால் நியாயமில்ல. நம்ம வயசு ஆட்கள் என்ன பண்ணுறோம்? 'கட்டாயம் வாசிக்க வேண்டிய பத்து கடற்கன்னிப் புத்தகங்கள்' என்று யாரோ இங்கிலீஷில போட்டதை அப்படியே எடுத்துப் பகிர்றோம். பத்து அட்டையிலும் ஒரே வெள்ளை முகம், ஒரே பச்சை வால். பகிர்ந்தவங்கள்ல எத்தனை பேர் அதுல ஒன்றையாவது வாசிச்சிருக்கோம்? ஒரு புத்தகத்தின் விலைக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்கணும் என்று யாராவது யோசிக்கிறோமா? 2023இல் ஹாலி பெய்லி கடற்கன்னியாக நடிச்சப்ப, கறுப்புக் கடற்கன்னியா என்று மீம்ஸ் போட்டவங்கள்ல நம்ம பொடியன்களும் இருந்தாங்க. பள்ளிக்கூடத்துல நிறத்தைச் சொல்லிக் கேலி வாங்கினதை எல்லாம் மறந்துட்டு. பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பரிந்துரை செய்தால் வாசிச்சதைச் சொல்லணும், யாருக்கு என்றும் சொல்லணும். நான் குடுக்கிறது இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு முதல்ல மியாசாகியின் 'போன்யோ' படத்தைப் போனில காட்டுவேன், பிறகு அண்டர்சன் கொப்பி. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுக்கு 'பொன்னியின் செல்வ'னில பூங்குழலி வருகிற அத்தியாயங்களை மட்டும் பிரிச்சுக் குடுப்பேன். கோடிக்கரையிலிருந்து தனியாகப் படகு தள்ளி இலங்கைக்கு வருகிற பெண், அதுவும் நம்ம கடல்தான். சாண்டில்யனின் 'கடல் புறா'வை நான் குடுக்கிறதில்ல. கடல் கொஞ்சம், வர்ணனை மிச்சம். கோபப்படுகிறவங்க கோபப்படலாம். ஓ.எல். எழுதினவங்களுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. மணப்பாட்டுப் பிலோமியை அறிஞ்ச பிறகு கடல் வெறும் அலையும் நுரையுமாகத் தெரியாது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வடக்குத் தீவுப் பகுதி மீனவர் கதை, நம்ம நாட்டுக் கடல், பேச்சுத் தமிழ் முதல்ல கொஞ்சம் இடறும், அம்பது பக்கத்துல பழகிடும். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பெரியவங்களுக்கு மட்டும், சாவும் வன்முறையும் உண்டு. இங்கிலீஷ் ஓடும் என்றால் 'தி டீப்'. மொனிக் ராஃபியின் 'தி மெர்மெய்ட் ஆஃப் பிளாக் கொஞ்ச்' கரிபியன் தீவுக் கதை, 2020இல் வந்தது, அதுவும் வளர்ந்தவங்களுக்குத்தான். இந்த ரெண்டையும் யாராவது தமிழில கொண்டுவாங்க. உரிமை, காசு எல்லாம் சிக்கல் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இந்தப் பட்டியலில இல்லாத புத்தகம்தான் எனக்கு வேணும். மன்னார்க் கடலுக்குள்ள மூழ்கின ஒருத்தி, ஆவுளியாக்களோடு இருந்துகொண்டு, 1964க்குப் பிறகு திரும்பிப் போகிற கப்பல்களைக் கீழேயிருந்து பார்க்கிற கதை. மேலே அழுகிற சத்தம் அவளுக்குத் தெரிஞ்ச தமிழிலேயே கேட்கும். இதை யார் எழுதுவாங்க? தேயிலையைத் தவிர வேற எதையும் தொடாதே என்று சொல்லி வளர்க்கிற பிள்ளை எழுதுமா?

அந்தக் கொப்பி ஒரு கிழமைக்கு என்று போனது. இப்ப அஞ்சு கிழமை. பக்கத்து லயத்துல ரெண்டு பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்காங்களாம், முடிவை மட்டும் மாற்றி.